மயிலிட்டிக் கரையில் வால்வும் திரான்சிற்றரும்: உறுதியான வானொலி வாங்கிக்கு விரியலாக்கி தெரிதல்

வானொலி வாங்கியின் முதற்படியில் நிற்கும் விரியலாக்கியின் வேலை, ஏரியலில் எழும் மைக்ரோவோல்ற்று அளவான சமிக்ஞையைப் பின்வரும் படிகள் கையாளத்தக்க அளவுக்குப் பெருக்கிக் கொடுப்பதாகும். இதற்கு வெற்றிடக் குழாயான வால்வு ஏற்றதா, குறைகடத்தியாலான திரான்சிற்றர் ஏற்றதா என்ற கேள்வி 1950களின் நடுப்பகுதியில் எழுந்தது. உற்பத்தியாளர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அதற்கு விடை கண்டுவிட்டபோதிலும், உறுதியான வாங்கி எதுவென்று நுணுகிப் பார்ப்போரிடையே அது இன்னும் முற்றாக ஓயவில்லை. ஓயாமைக்குக் காரணம், உறுதி என்ற சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று தேவைகள் அடங்கியிருப்பதுதான். அண்டையில் வலிய நிலையம் ஒன்று ஒலிபரப்பும்போது மெலிய நிலையத்தைக் கலப்பின்றித் தருவது ஒன்று; மின்னலும் நிலைமின்னும் ஏரியல் வழியாக இறங்கும்போது உயிர் தப்புவது மற்றொன்று; மின்வழங்கல் தளம்பினாலும் நின்றுபோனாலும் தொடர்ந்து இயங்குவது மூன்றாவது. இம்மூன்றிலும் ஒருங்கே வெல்லும் உறுப்பு இதுவரை இல்லை. ஆகவே, இடத்தையும் காலத்தையும் விட்டுவிட்டு இக்கேள்விக்கு விடை தேடுவது வீண்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் அமைந்த மயிலிட்டி, இந்த மூன்று தேவைகளையும் வெவ்வேறு காலங்களில் அதன் மக்கள்மீது சுமத்திய ஊராகும். 1990க்கு முன்னர் இலங்கையின் முன்னணி மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய அவ்வூரில், காலநிலை அறிவித்தலைக் கேட்காமல் கடலுக்குப் போவது உயிரைப் பணயம் வைப்பதாகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கியதை அக்கரையோரத்து மூத்தோர் மறந்ததில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் முடங்கிய துறைமுகமும் அதையொட்டிய நிலமும் 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டன.

வானொலி அலைக்கு மயிலிட்டி ஒரு தனி வகையான இடம். மத்திய அலை வரிசையில் பகலில் வந்துசேரும் அலை நிலத்தையோ நீரையோ ஒட்டித் தவழ்ந்து வருவது. அவ்வாறு வரும்போது அது எவ்வளவு வலுவிழக்கும் என்பதை அடியிலுள்ள பரப்பின் மின்கடத்துதிறன் தீர்மானிக்கிறது. உலர்ந்த நிலத்தைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்களவுக்கு நன்றாகக் கடத்துவதால், பாக்கு நீரிணையைக் கடந்து வரும் தமிழ்நாட்டு நிலையங்களின் அலை அதிகம் தேயாமலே வடகரையில் வந்தேறுகிறது. கொழும்பு வானொலியை இரைச்சலோடு கேட்ட குடாநாட்டு வீடுகள் பலவற்றில் திருச்சி வானொலி தெளிவாகக் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் இந்த வசதியே தொல்லையாகவும் மாறும். ஆகாசவாணியின் தூத்துக்குடி நிலையம் 1053 கிலோஹேட்ஸில் 200 கிலோவாற்றுடன் ஒலிபரப்பியது. புத்தளத்திலிருந்து 882 கிலோஹேட்ஸில் 400 கிலோவாற்று நிலையமொன்று இந்திய உபகண்டத்தை நோக்கி ஒலிபரப்பியது. இரண்டும் மயிலிட்டியிலிருந்து ஏறத்தாழ இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ளவை. இத்தகைய இரு வலிய சமிக்ஞைகள் விரியலாக்கி ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்தால், உறுப்பின் வளைந்த இயல்பு அவற்றைக் கலந்து புதிய மீடிறன்களைப் பிறப்பிக்கும். இதற்கு இடைப்பண்பேற்றம் என்று பெயர். 882இன் இருமடங்கிலிருந்து 1053ஐக் கழித்தால் 711. 1053இன் இருமடங்கிலிருந்து 882ஐக் கழித்தால் 1224. இப்பிராந்தியத்தின் மத்திய அலை நிலையங்கள் யாவும் 9இன் மடங்குகளில் நிறுத்தப்பட்டுள்ளமையால், 711உம் 1224உம் சரியாக ஒவ்வொரு நிலையத்துக்குரிய இடத்திலேயே விழுகின்றன. கேட்பவர் அங்கே உண்மையான நிலையமொன்று இருப்பதாகவே எண்ணுவார். இப்போலி நிலையத்தைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. இதனை உண்டாக்கும் கலப்பு மூன்றாம் படியைச் சேர்ந்ததாகையால், ஏரியலுக்கும் வாங்கிக்கும் நடுவே 10 டெசிபெல் குறைக்கும் தடைச்சுற்றொன்றை இட்டால் மெய்யான நிலையம் 10 டெசிபெல் மட்டுமே குறையும். போலி நிலையமோ 30 டெசிபெல் குறைந்து மறைந்துபோகும்.

இக்கலப்பை எதிர்ப்பதில் வால்வுக்கு இயல்பாகவே ஒரு மேன்மை உண்டு. வால்வில் சூடேறிய கதோட்டிலிருந்து வெளிப்படும் இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாயும்போது, இடையிலுள்ள நெய்யரிக்கு இடும் சிறு மின்னழுத்தம் அப்பாய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறது. நெய்யரி சில வோல்ற்று எதிர்மின்னில் நிறுத்தப்பட்டிருப்பதால், சில மில்லிவோல்ற்றுச் சமிக்ஞை அதன் வளைகோட்டில் ஒரு சிறு துண்டையே தொடும். அத்துண்டு நேர்கோட்டுக்கு மிக நெருங்கியது. 1930ஆம் ஆண்டளவில் பலன்ரைனும் ஸ்னோவும் அமெரிக்காவில் உருவாக்கிய மாறுபெருக்க வால்வில், நெய்யரிச் சுருளின் இடைவெளி சீரற்றதாகச் சுற்றப்பட்டதால், எதிர்மின்னழுத்தம் கூடக்கூடப் பெருக்கம் படிப்படியாகத் தணிந்தது. வலிய நிலையம் வந்தால் வாங்கி தானாகவே தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் தன்னியக்கப் பெருக்கக் கட்டுப்பாடு, இந்த வால்வினாலேயே நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. பின்னாளில் வீட்டு வாங்கிகளில் பரவலாக அமர்ந்த ஈஎப்89 இவ்வகைப்பட்டதே.

திரான்சிற்றரின் கதை வேறு. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீனும் பிரட்டெயினும் செய்துகாட்டியதையும், அதையடுத்து ஷொக்லி வகுத்த சந்தித் திரான்சிற்றரையும் தொடர்ந்து, 1954இல் ரீஜென்சி நிறுவனம் நான்கு திரான்சிற்றர் கொண்ட கைவானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சந்தித் திரான்சிற்றரில் அடிவாய்க்கு இடும் மின்னழுத்தத்துக்கும் ஓடும் மின்னுக்கும் உள்ள தொடர்பு அடுக்குக்குறித் தொடர்பு. சாதாரண வெப்பநிலையில் அதன் அளவுகோல் ஏறத்தாழ 26 மில்லிவோல்ற்று. இதனால் பத்து மில்லிவோல்ற்றுச் சமிக்ஞையே அதனைத் தெளிவாக நெளியச் செய்துவிடும். ஆரம்ப காலத் திரான்சிற்றர் வாங்கிகளில் இதைவிட மோசமான முரண் ஒன்றும் இருந்தது. பெருக்கக் கட்டுப்பாடு திரான்சிற்றரின் மின்னைக் குறைத்தே பெருக்கத்தைக் குறைத்தது. மின் குறையக் குறையச் சமிக்ஞை தாங்கும் ஆற்றலும் குறைந்தது. ஆக, வலிய நிலையம் வரும் அந்த வேளையிலேயே உறுப்பு மிகப் பலவீனமான நிலைக்குத் தள்ளப்பட்டது. முலார்ட் நிறுவனத்தின் சுற்றுகளில் எந்த நிலையமும் வாங்கிக்குள் மாற்றப்படும் பொதுவான மீடிறனாகிய இடைமீடிறனுக்குரிய முதலாவது சுருளுக்குக் குறுக்கே ஓஏ79 இருவாயி ஒன்றை இட்டு, வலிய சமிக்ஞை வந்ததும் அச்சுருளைச் சுமையேற்றி மந்தமாக்கும் உபாயம் இதற்காகவே சேர்க்கப்பட்டது. நோய்க்கு மருந்தாக அல்ல, நோவைத் தணிக்கும் தைலமாகவே அது பயன்பட்டது.

பின்வந்த சிலிக்கன் புலவிளைவுத் திரான்சிற்றர்கள் வால்வைப் போலவே ஏறத்தாழ வர்க்கத் தொடர்பை உடையவை என்பதால், மூன்றாம் படிக் கலப்பு அவற்றில் மிகக் குறைவு. ஜே310 இவ்வகையில் பெயர்பெற்றது. கேபிள் தொலைக்காட்சிக்கென உருவான 2என்5109 போன்ற சந்தித் திரான்சிற்றர்களில் பத்துக்கணக்கான மில்லியம்பியர் மின்னை ஓடவிட்டு, வெளியீட்டின் ஒரு பகுதியை மின்மாற்றி வழியாக உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பிக் கொடுக்கும் சுற்றுகள் 1970களில் பரவின; மின்மாற்றி வழியே திருப்புவதால் தடையங்களின் இரைச்சல் சேராது. இரட்டையாக எதிரெதிரே அமைக்கப்பட்ட இவ்வகை விரியலாக்கி, நேர்கோட்டுத் தன்மையில் வீட்டு வால்வு எதையும் மிஞ்சும். ஆகவே வலிய சமிக்ஞை தாங்குவதில் வால்வே என்றும் சிறந்தது என்ற கூற்று 1960இல் சரி. அதன்பின் அது பழக்கத்தால் சொல்லப்படுவது.

இரைச்சலைப் பற்றி நீட்டிப் பேச இங்கு அவசியமில்லை. ஐவாயி வால்வுகளில் இலத்திரன் ஓட்டம் அனோட்டுக்கும் திரை நெய்யரிக்கும் இடையே பங்கிடப்படுவதால் மேலதிக இரைச்சல் எழுவது உண்மை. திரான்சிற்றர் இதில் மேலானது. ஆனால் வெப்பமண்டலத்தில், தொலைதூர இடிமின்னல்கள் எழுப்பும் வளிமண்டல இரைச்சல், மத்திய அலையில் இரவு வேளைகளில் வெப்ப இரைச்சலைவிட 70 டெசிபெல்லைத் தாண்டி நிற்பது வழமை. நீண்ட கம்பி ஏரியலோடு இணைந்த வாங்கியில் விரியலாக்கியின் சொந்த இரைச்சல் அதற்குள் மூழ்கிவிடும். பெரைற்றுக் கோலைச் சுற்றிய சிறு சுருளையே ஏரியலாகக் கொண்ட கைவானொலியில் மட்டும் அது கணக்கில் வரும்.

முதலாவது உறுப்பு எதுவாயினும், அதற்கு முன்னால் நிற்பது எது என்பதே மேலதிக முக்கியம் பெறுவது. 1935இல் வெளிவந்து, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியச் செவிமடுப்பு நிலையங்களில் பரவலாகப் பயன்பட்ட அமெரிக்க நசனல் நிறுவனத்தின் எச்ஆர்ஓ வாங்கியில், சமிக்ஞையை இடைமீடிறனுக்கு மாற்றும் கலப்பிக்கு முன்னதாக இரு விரியலாக்கிப் படிகளும் அவற்றோடு சேர்ந்து இசையும் சுற்றுகளும் இருந்தன. பிற்பட்ட ஆர்-390ஏ வாங்கி 26 வால்வுகளைக் கொண்டிருந்த போதிலும், அதன் புகழுக்குக் காரணம் வால்வுகளைவிட, பற்சக்கரங்களால் ஒருங்கே நகர்த்தப்பட்ட அதன் இசைவுச் சுற்றுகளே. வேண்டாத நிலையத்தை விரியலாக்கியின் வாசலிலேயே மறித்துவிட்டால் உள்ளே இருப்பது வால்வா திரான்சிற்றரா என்பது பெரும்பாலும் தெரியாமலே போகும். நல்ல பெரைற்றுக் கோலும் தன் கூர்மையான இசைவினால் இதே காவலைச் செய்கிறது. மலிவான கைவானொலிகள் கடற்கரையில் எதிர்பார்த்ததைவிட நன்றாக இயங்கியதற்கு இது ஒரு காரணம்.

அடிபட்டும் பிழைப்பதில் வால்வு இன்றும் முந்தியே நிற்கிறது. இலங்கையில் இடிமின்னல் மிகுவது ஏப்ரலிலும், வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முந்திய ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் ஆகும். தென்னைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய ஏரியலில், அருகே விழும் மின்னல் நூற்றுக்கணக்கான வோல்ற்றைத் தூண்டக்கூடும். வால்வின் நெய்யரி அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எரிவது ஏரியல் சுருளாகவே இருக்கும், அதை மறுபடி சுற்றலாம். திரான்சிற்றரின் அடிவாய்ச் சந்தியோ எதிர்த்திசையில் ஐந்து முதல் ஏழு வோல்ற்றிலேயே உடைகிறது. ஒரே அடியில் இறந்துபோனால் பழுது உடனே தெரியும். ஆனால் சிறு சிறு உடைவுகள் திரான்சிற்றரைக் கொல்லாமல், ஒவ்வொரு முறையும் பெருக்கத்தைச் சற்றுக் குறைத்து இரைச்சலைச் சற்றுக் கூட்டிச் செல்வதால், வாங்கி காரணமின்றிக் காலப்போக்கில் செவிடாவதுபோல் தோன்றும். உலோக ஒட்சைட்டு வகைத் திரான்சிற்றர்களின் வாயிற்படை இதைவிட மெல்லியது. எதிரெதிராக இணைத்த இரு இருவாயிகளை ஏரியலுக்கும் நிலத்துக்கும் இடையே இடுவது வழமையான காப்பு. ஆனால் அவை 0.6 வோல்ற்றளவில் கடத்தத் தொடங்குவதால், வலிய நிலையங்களுக்கு அருகில் அவையே இடைப்பண்பேற்றத்தின் ஊற்றாகிவிடுகின்றன. 90 வோல்ற்றளவில் பற்றிக்கொள்ளும் வாயுக் குழாயும், நிலைமின்னை மெல்ல வடியவிடும் பெரிய தடையமும், அவற்றுக்குப் பின் இசைவுச் சுற்றும், அதற்கும் பின்னரே இருவாயிகளும் என்ற ஒழுங்கே தகுந்தது. 1976 செப்ரெம்பரில் சோவியத் விமானி பெலென்கோ ஜப்பானின் ஹக்கொடாட்டேயில் இறக்கிய மிக்-25 விமானத்தில் வால்வுகள் இருந்தமை மேற்குலகில் முதலில் ஏளனமாகவும் பின்னர் அணுவெடிப்பின் மின்காந்தத் துடிப்பைத் தாங்கும் ஏற்பாடாகவும் பேசப்பட்டது. உண்மையில் அவ்வால்வுகள் அமைந்த ராடாரின் பெருவலுவும் வெப்பமும் அத்தெரிவுக்குப் போதிய காரணங்களாகும்.

வால்வு சீக்கிரம் தேய்வது என்ற பொதுக்கருத்தும் திருத்தத்துக்கு உரியது. 1956இல் திறக்கப்பட்ட முதலாவது அத்திலாந்திக் தொலைபேசிக் கேபிளின் விரியலாக்கிகள் கடலடியில் வால்வுகளுடனேயே 22 ஆண்டுகள் இயங்கின. மிதமான சூட்டிலும் குறைந்த மின்னிலும் இயக்கினால் வால்வு நெடுங்காலம் உழைக்கும். வீட்டு வாங்கிகளில் வால்வு இறந்தமைக்கு, மயிலிட்டி போன்ற உப்புக்காற்று வீசும் கரையில், அருகிலிருந்த மெழுகுக் காகிதக் கொள்ளளவியே பலமுறை காரணம். முன்படியின் அனோட்டில் நூறு வோல்ற்றளவு நிற்கும். அதைத் தடுத்துச் சமிக்ஞையை மட்டும் கடத்தவேண்டிய கொள்ளளவி ஈரம் குடித்துக் கசியத் தொடங்கினால், வெளியீட்டு வால்வின் நெய்யரி நேர்மின்னுக்கு ஏறி, வால்வு சிவக்கச் சூடாகி, ஈற்றில் மின்மாற்றியும் கருகும். அலைவரிசை மாற்றும் சுழலாளியின் தொடுகைகளிலும் காற்றுக் கொள்ளளவியின் தகடுகளிலும் பச்சைக் களிம்பு படிவது இரு வகை வாங்கிகளுக்கும் பொதுவான நோய். இயங்கும்போது பெட்டிக்குள் நிலவும் சூடு ஈரத்தை அண்டவிடாது என்பது வால்வு வாங்கிக்கு இங்கு கிடைக்கும் சிறு நன்மை; தினமும் போட்டுக் கேட்கும் வரைக்குமே அது செல்லும்.

ஆரம்ப காலத் திரான்சிற்றர்கள் சேர்மானியத்தால் ஆனவை. ஓசி44, ஓசி45, ஓசி71 ஆகியவை இலங்கை வீடுகளில் புழங்கிய ஐரோப்பிய வாங்கிகளில் அமர்ந்திருந்த பெயர்கள். சேர்மானியத்தின் கசிவுமின் ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகை செல்சியசுக்கும் இரட்டிப்பதால், வெயிலில் விட்ட வள்ளத்தின் மேற்தட்டில் ஒலி கரகரத்துத் தேய்வது இயல்பு. அதைவிட விசித்திரமானது ஏஎப்117 குடும்பத்தின் நோய். அவற்றின் உலோகக் கூட்டின் உட்சுவரில் பூசிய வெள்ளீயத்திலிருந்து மயிரிலும் மெல்லிய இழைகள் ஆண்டுகள் பல கடந்தபின் தானாக வளர்ந்து, கூட்டை உள்ளிருக்கும் வாய்களோடு தொடுத்துவிடும். பழுதுபார்ப்போர் கூட்டுக்குரிய நான்காவது கம்பியை வெட்டிவிட்டு வாங்கியை மீண்டும் பேச வைப்பர். சிலிக்கன் வந்ததும் இவ்விரு குறைகளும் நீங்கின.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இக்கேள்வியை முடித்துவைத்தது வலிய நிலையமுமல்ல, மின்னலுமல்ல. 1990இல் குடாநாட்டின் மின்வழங்கல் அற்றுப்போனது. பல ஆண்டுகள் திரும்பவில்லை. வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் இருந்தது. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்தோர் உட்பட, குடாநாட்டு மக்கள் பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டது பெரும்பாலும் சயிக்கிள் தைனமோவின் துணையால்தான். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, மற்றோர் சுற்றியிருந்து செய்தி கேட்டனர்.

இதன் கணக்கைப் பார்த்தால் திரான்சிற்றரின் வெற்றி எவ்வளவு முழுமையானது என்பது விளங்கும். ஈசீஎச்81, ஈஎப்89, ஈபீசீ81, ஈஎல்84, ஈஇசெட்80 என்ற ஐந்து வால்வுகள் கொண்ட வீட்டு வாங்கியில் இழைகளைச் சூடாக்குவதற்கே 6.3 வோல்ற்றில் 2 அம்பியருக்குச் சற்று மேல், அதாவது 13 வாற்று, செலவாகும். முழு வாங்கிக்கும் நாற்பது வாற்றளவு வேண்டும். சயிக்கிள் தைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வாற்று. பற்றரிக்கென்றே செய்யப்பட்ட டீகே96, டீஎப்96, டீஏஎப்96, டீஎல்96 வால்வுகளின் இழைகள் 1.4 வோல்ற்றில் மொத்தம் 125 மில்லியம்பியரே இழுப்பவை. அனோட்டுக்கு வேண்டிய 90 வோல்ற்று, பத்து மில்லியம்பியரையும் சேர்த்தால் முழுச்செலவு ஒரு வாற்றைச் சிறிது கடக்கும். வலுவின் அளவைப் பார்த்தால் தைனமோவுக்கு இது எட்டாததன்று. தடை வேறிடத்தில் உள்ளது: மின்னழுத்தத்தை மின்மாற்றியால் 90 வோல்ற்றுக்கு உயர்த்தவேண்டும், சுழற்றும் கை சற்று வேகமெடுத்தாலும் அந்த மெல்லிய இழைகள் எரிந்துபோகும், எரிந்தால் மாற்று வால்வு இல்லை. திரான்சிற்றர் வாங்கியோ குறைந்த ஒலியில் 6 வோல்ற்றில் பதினைந்து மில்லியம்பியர் அளவோடு, 0.1 வாற்றுக்குள் அடங்கிவிடும்.

அப்படியிருந்தும் தைனமோவை நேராக வாங்கியில் பொருத்த முடியாது. தைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க நான்கு இருவாயிகளும், அதன் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்க 1000 மைக்ரோபரட் அளவான மின்பகுக் கொள்ளளவியும் வேண்டும். அத்தோடு, தைனமோ ஏறத்தாழ மாறா மின்னைத் தரும் இயல்புடையதால், சுமை குறைவாக இருந்தால் அதன் மின்னழுத்தம் பத்துக்கணக்கான வோல்ற்றுக்கு ஏறி வாங்கியை எரித்துவிடும். சயிக்கிளின் முன்விளக்குக் குமிழைக் குறுக்கே அப்படியே விட்டுவைத்தால், அதுவே 6 வோல்ற்றளவில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். அதன் உச்சம் 8.5 வோல்ற்று, இருவாயிகளில் இழப்பது 1.4, வாங்கிக்குக் கிடைப்பது 7 வோல்ற்று. நான்கு பற்றரிகளில் இயங்கும் வாங்கி அதைத் தாங்கும். செய்தி கேட்கும்போதே இருட்டில் வெளிச்சமும் கிடைத்தது.

மின்சாரம் மீண்ட பின்னர் நிலைமை மறுபடி மாறியுள்ளது. 2017இல் துறைமுகம் திரும்பக் கிடைத்த மயிலிட்டியில், கடலில் பேசுவதற்கு மீகுறுஅலைக் கருவிகளும், பலநாட்கலங்களில் குறுஅலைக் கருவிகளும் பயன்படுகின்றன. அவை யாவும் 12 வோல்ற்றுப் பற்றரியில் இயங்குபவை, அங்கே வால்வுக்கு இடமே இல்லை. கரையில் குறுஅலையும் மத்திய அலையும் கேட்க விரும்புவோருக்கு இன்றைய எதிரி தூத்துக்குடியோ புத்தளமோ அன்று. வீட்டுக்கு வீடு எரியும் எல்ஈடி குமிழ்களும் கைபேசி மின்னேற்றிகளும் கிளப்பும் இரைச்சலே. அதற்கு வீட்டிலிருந்து விலக்கி நட்ட வளைய ஏரியலும், அதன் அடியிலேயே வாயுக் குழாயும் வடிகட்டியும், அவற்றின் பின் எதிரெதிரே இணைத்த இரு ஜே310 அல்லது 2என்5109 விரியலாக்கியும், ஈரம் புகாதபடி வார்னிஷ் பூசி அடைத்த பெட்டியும் போதும். வால்வு வாங்கி ஏற்கனவே வீட்டில் இருப்பவர் மட்டும் அதைப் பேணுவதில் பொருளுண்டு. அவரும் முதலில் மாற்றவேண்டியவை மெழுகுக் கொள்ளளவிகளே. கிற்றார் இசைக்கலைஞர்களின் தயவால் ஈஎல்84 இன்றும் புதிதாக உற்பத்தியாகிறது. ஈசீஎச்81 அவ்வாறில்லை, பழைய கையிருப்பில்தான் தேடவேண்டும். நீண்ட கால்களுடைய ஜே310உம் அருகிவருகிறது. சுற்றுப்பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் சிறு வடிவமே தாராளமாகக் கிடைப்பதால், அதைப் பற்றுவைக்க மெல்லிய முனைகொண்ட பற்றாசுக்கோலும் பூதக்கண்ணாடியும் வேண்டியிருக்கும்.